கார் கேமராவுக்குக் காப்புரிமை: ‘வெளியானது’ வேறு, ‘கிடைத்தது’ வேறு

நிறுத்திவைத்த காரை யாராவது நெருங்கினால் கேமரா ஆளை அடையாளம் கண்டு உரிமையாளரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும், இந்தக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது என்கிற மாதிரியான செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கீழே கருத்துகளில் இரண்டு குரல்கள் தவறாமல் ஒலிக்கும். “இது டெஸ்லாவில் எப்பவோ வந்தாச்சே, இதுக்கு எப்படிக் கொடுத்தாங்க?” என்பது ஒன்று. “அப்போ இனி யாரும் காரில் கேமரா வைக்க முடியாதா?” என்பது இன்னொன்று. கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் இரண்டும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து வருகின்றன: காப்புரிமை ஒரு யோசனைக்குக் கிடைக்கிறது என்ற எண்ணம். உண்மையில் அது ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கிறது. அந்த வாக்கியத்தை வெட்டிச் சுருக்குவதுதான் பரிசோதனை.

முதலில், கிடைத்தது என்ன?

இந்தியாவில் ஒரு விண்ணப்பம் கடக்கும் படிகள் இவை:

1. தாக்கல். விண்ணப்ப எண் ஒன்று கொடுப்பார்கள். தனிநபர் இணையவழியில் கட்ட வேண்டிய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்.

2. வெளியீடு. தாக்கல் செய்து 18 மாதம் ஆனதும் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் படிவம் 9 போட்டு முன்கூட்டியே வெளியிடச் சொல்லலாம். தனிநபருக்கு 2,500 ரூபாய். இந்தக் கட்டம் வரை கருவி புதியதா பழையதா என்று யாரும் பார்ப்பதில்லை.

3. பரிசோதனைக்கான வேண்டுகோள். படிவம் 18. இது தானாக நடக்காது, கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு இதற்கான கெடு 31 மாதம், முன்பு 48. கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள்.

4. முதல் பரிசோதனை அறிக்கை. ஆட்சேபங்கள் வரிசையாக வரும். பதில் சொல்ல 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம்.

5. பதில், தேவைப்பட்டால் விசாரணை, அப்புறம் வழங்கல் அல்லது நிராகரிப்பு. பரிசோதகர் அறிக்கைதான் தருவார், முடிவெடுப்பது கன்ட்ரோலர் என்ற மேலதிகாரி.

‘காப்புரிமை கிடைத்தது’ என்று வரும் செய்திகளில் கணிசமானவை இரண்டாம் படியிலேயே நிற்பவை. கல்லூரிகள் பெயரில் வரும் அறிவிப்புகளில் இதை அதிகம் பார்க்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021இல் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் தாக்கல் செய்து, முன்கூட்டியே வெளியிட்டு, அந்தப் பக்கத்தை ஃபிரேம் போட்டு மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்துக்கும் அது வழிசெய்துவிட்டது.

செய்தியில் எண் கொடுத்திருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 202441 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்க எண் என்றால் அது விண்ணப்ப எண்: 2024 ஆண்டு, 4 சென்னை அலுவலகம் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா), அடுத்த 1 சாதாரண விண்ணப்பம். வழங்கப்பட்ட காப்புரிமைக்குத் தனி எண் உண்டு, இப்போது அது ஆறு இலக்கத்தில் ஓடுகிறது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘செயற்கை நுண்ணறிவு வாகனக் கேமரா’ என்ற பெயரில் வடிவமைப்புப் பதிவு வாங்கிவிட்டு அதையும் பேட்டன்ட் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வடிவமைப்புப் பதிவு பெட்டியின் தோற்றத்துக்கு மட்டும்தான். உள்ளே கேமரா இருக்கிறதா களிமண் இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை.

உரிமைக்கோரல் என்ற ஒற்றை வாக்கியம்

விண்ணப்பத்தில் தலைப்பு, சுருக்கம், படங்கள், விரிவான விளக்கம் எல்லாம் இருக்கும். சட்டப்படி எடையுள்ளது கடைசியில் வரும் உரிமைக்கோரல்கள்தான். துறைக்காரர்கள் கிளெய்ம் என்பார்கள். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம் இல்லையா, வடக்கே இன்னாருடைய வீடு, தெற்கே வாய்க்கால் என்று? அதே வேலைதான் இங்கேயும். ஊரில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் செக்குபந்திக்குள் இருக்கும் மண்தான் உங்களுடையது.

விளக்கத்துக்காக ஒரு உரிமைக்கோரலை நானே எழுதிப் பார்க்கிறேன்:

‘ஒரு வாகனப் பாதுகாப்பு அமைப்பு, அதில்,
(அ) வாகனத்தின் வெளிப்புறத்தைப் பார்க்கும்படி பொருத்திய குறைந்தது ஒரு கேமரா;
(ஆ) அதன் படங்களில் உள்ள பொருள்களை மனிதர், வாகனம், விலங்கு என்று வகைபிரிக்கும், பயிற்சி பெற்ற நியூரல் நெட்வொர்க்கை இயக்கும் செயலி;
(இ) மனிதர் என்று வகைபிரித்த பொருள் குறிப்பிட்ட தொலைவுக்குள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நின்றால் எச்சரிக்கை எழுப்பும் பகுதி;
(ஈ) அந்த எச்சரிக்கையை வீடியோவுடன் உரிமையாளரின் செல்போனுக்கு அனுப்பும் தொடர்பு அலகு
ஆகியவை உள்ளன.’

நியூரல் நெட்வொர்க் என்பது ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி மாடல். நான்கும் சேர்ந்தால்தான் உரிமை. ஒருவருடைய கருவியில் (ஈ) இல்லை, வெறும் சைரன் மட்டும் அடிக்கிறது என்றால் அவர் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். சொற்களைக் கூட்டக் கூட்ட உரிமை பெருகும் என்று நினைத்துவிடாதீர்கள், நேர்மாறு. ஒவ்வொரு சொல்லும் நிலத்தின் ஒரு ஓரத்தை வெட்டுகிறது. குறைவான சொற்களோடு வரும் உரிமைக்கோரல் பரந்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றின் மேல் மோதிக்கொள்ளும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம்.

பரிசோதகர் தேடுவது எங்கே

பரிசோதகர் கையில் எடுப்பது உலகம் முழுவதும் அந்தத் தாக்கல் தேதிக்கு முன்னால் வெளியான எல்லாவற்றையும்: காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், கையேடுகள், விளம்பரங்கள், யூடியூப் வீடியோக்கள். இதைத்தான் பிரையர் ஆர்ட் என்கிறார்கள், முன்னறிவு என்று வைத்துக்கொள்வோம். தேடல் சொல்லை வைத்து மட்டும் நடப்பதில்லை. சர்வதேச வகைப்பாட்டில் வாகனத் திருட்டுத் தடுப்புக்கு பி60ஆர் 25, கேமரா வழி ஊடுருவல் எச்சரிக்கைக்கு ஜி08பி 13/196, படங்களிலிருந்து பொருளை அறிவதற்கு ஜி06வி என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டு. ‘திருடன்’ என்ற சொல்லே இல்லாத ஜப்பானிய ஆவணம்கூட இந்தப் பெட்டிகள் வழியே சிக்கிவிடும்.

இப்போது டெஸ்லா கேள்விக்கு வருவோம். டெஸ்லா 2019 பிப்ரவரியில் சென்ட்ரி மோடை அறிவித்தது. காரின் வெளிக் கேமராக்கள் ஆபத்தைக் கவனிக்கும். யாராவது காரின் மேல் சாய்ந்தால் ‘கேமரா பதிவு செய்கிறது’ என்று உள்ளே திரையில் எச்சரிக்கை வரும். கண்ணாடியை உடைத்தால் அலாரம் அடிக்கும், பாட்டு முழுச் சத்தத்தில் ஒலிக்கும், உரிமையாளரின் செயலிக்கு அறிவிப்பு போகும். வீடியோவை யுஎஸ்பி டிரைவில் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் சம்பவத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து.

நம் உரிமைக்கோரலை இதன் மேல் வைத்துப் பாருங்கள். (அ) அப்படியே இருக்கிறது. (ஆ) அந்த அறிவிப்பில் நியூரல் நெட்வொர்க் கொண்டு மனிதர், விலங்கு என்று வகைபிரிப்பதாக எழுதவில்லை. (இ) தொலைவும் நேரமும் இல்லை. சாய்வது, உடைப்பது என்ற செயல்களைத்தான் சொல்கிறது. (ஈ) செல்போனுக்கு அறிவிப்பு போகிறது, ஆனால் வீடியோ யுஎஸ்பியில். ஆக, இந்த ஒரு ஆவணத்தை மட்டும் வைத்துப் ‘புதுமை இல்லை’ என்று சொல்ல முடியாது. புதுமைக்கான சோதனை அவ்வளவு கறாரானது: ஒரே ஆவணத்தில் எல்லாக் கூறுகளும் இருக்க வேண்டும். ‘டெஸ்லாவில் இருக்கிறதே’ என்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

விண்ணப்பதாரர் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அடுத்த சோதனை கண்டுபிடிப்புத் திறன், அங்கே பரிசோதகர் பல ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கலாம். (ஆ)வுக்கு ஆவணம் வேண்டுமா? படத்தில் நடந்துபோகும் ஆளைக் கண்டுபிடிக்கும் முறையை டலால், ட்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2005இலேயே எழுதிவிட்டார்கள். யோலோ என்ற வேகமான பொருளறியும் நியூரல் நெட்வொர்க்கின் கட்டுரை 2015இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த கோகோ படத்தொகுப்பில் ஆள், கார், நாய், பூனை என்று 80 வகைகள் பெயரிட்டுத் தயாராக இருந்தன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம். (இ), (ஈ) இரண்டுக்கும் வீட்டு வாசலில் மாட்டும் கேமராக்களே போதும். வாசலில் ஆள் நின்றால் செல்போனுக்கு வீடியோ அனுப்பும் வேலையை 2010களிலேயே அவை செய்துகொண்டிருந்தன. ஒரு சாதாரணப் பொறியாளர் இந்த மூன்றையும் மேசையில் வைத்தால் நம் கருவியைச் செய்துவிட மாட்டாரா என்று பரிசோதகர் கேட்பார். மாட்டார் என்பதற்கு நல்ல காரணம் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

மிர்சாபூர் பாத்திரக்கடைசல் வழக்கும் பிரிவு 3(எஃப்)பும்

காப்புரிமைச் சட்டம் 1970இன் பிரிவு 3, எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் (எஃப்) இந்த மாதிரிக் கருவிகளுக்கென்றே எழுதியது போல இருக்கும்: தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. கேமரா படம் பிடிக்கிறது, மாடல் வகைபிரிக்கிறது, மோடம் அனுப்புகிறது. ஒன்றால் இன்னொன்றுக்கு என்ன மாற்றம்?

இந்தச் சிந்தனைக்கு இந்தியாவில் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் தீர்ப்பு 1978இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பிஷ்வநாத் பிரசாத் வழக்கு. விவகாரம் கணினியோ காரோ அல்ல. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஒரு முறை. தெரிந்த துண்டுகளைச் சேர்த்தால் மட்டும் போதாது, அந்தச் சேர்க்கையிலிருந்து புதிய விளைவோ, முன்பைவிட மேலான, மலிவான பொருளோ வர வேண்டும்; பட்டறையில் கைவினைஞர் செய்துகொள்ளும் மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லி, அந்தக் காப்புரிமை செல்லாது என்றது நீதிமன்றம்.

அமெரிக்காவில் இதற்கு இணையான 2007ஆம் ஆண்டு தீர்ப்பு, கேஎஸ்ஆர் வழக்கு, நேராகவே வாகன உதிரிபாகம் பற்றியது. உயரம் மாற்றிக்கொள்ளும் ஆக்சிலரேட்டர் பெடல் ஏற்கெனவே இருந்தது, மின்னணு சென்சாரும் இருந்தது, இரண்டையும் இணைத்ததற்குத்தான் காப்புரிமை. எதிர்பார்த்த பலனைத்தான் தருகிறது, எனவே இது எவருக்கும் தோன்றக்கூடியது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பெடல் இருக்கும் இடத்தில் கேமராவையும் சென்சார் இருக்கும் இடத்தில் பொருளறியும் மாடலையும் போட்டுப் படித்தால் நம் கதை.

மென்பொருள்தானே இது?

அடுத்த ஆட்சேபம் 3(கே): கணித முறை, வணிக முறை, கணினி நிரல் ‘அதுமட்டுமாக’, அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா. அந்த ‘அதுமட்டுமாக’ என்ற ஒரு சொல்லுக்காகவே இருபது ஆண்டாக இழுபறி. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கார் முதல் வாஷிங் மெஷின் வரை எதற்குள்ளும் நிரல் இருக்கும் காலத்தில் நிரல் இருக்கிறது என்பதற்காகவே கதவைச் சாத்துவது பிற்போக்கு என்ற கருத்தைச் சொல்லி, தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்கச் சொன்னது. கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளைப் பரிசோதிப்பதற்கான வழிகாட்டுதல்களையும் 2025இல் புதுப்பித்திருக்கிறார்கள்.

அதாவது ‘படத்தை வாங்கு, வகைபிரி, செய்தி அனுப்பு’ என்று மட்டும் எழுதினால் அது நிரலின் விவரிப்பு. காரின் ஏதாவது ஒரு பௌதிகச் சிக்கலை அந்த நிரல் தீர்க்கிறது என்றால் பேச இடம் உண்டு. அமெரிக்காவிலும் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. தெரிந்த எந்திரக் கற்றல் முறையைப் புதிய துறையின் தரவில் பொருத்தியதாலேயே காப்புரிமைக்குத் தகுதி வந்துவிடாது என்று 2025 ஏப்ரலில் அங்குள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரீசென்டிவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ‘எல்லாவற்றிலும் ஏஐ சேர்த்துவிட்டோம்’ என்ற ரக விண்ணப்பங்களுக்கு இது கெட்ட செய்தி. என்னைக் கேட்டால், சரியான செய்தி.

இங்கேயே இன்னொரு ஓட்டையும் பிடிபடும். ‘பயிற்சி பெற்ற மாடல்’ என்று எழுதிவிட்டு, எந்தப் படங்களில் பயிற்சி, இரவு வெளிச்சத்தில் எப்படி, மழைத்துளி விழுந்த லென்ஸில் எப்படி என்று ஒன்றும் சொல்லாமல் விட்டால், கண்டுபிடிப்பை முழுமையாக விளக்கவில்லை என்று பிரிவு 10இன் கீழ் தனி ஆட்சேபம் வரும்.

எது தேறும்: பேட்டரி

கேமரா வைத்த எவருக்கும் தெரிந்த சிக்கலை எடுத்துக்கொள்வோம். கார் நிற்கிறது, இன்ஜின் அணைந்திருக்கிறது. நான்கு கேமராவும் ஒரு செயலியும் ராத்திரி முழுக்க விழித்திருந்தால் காலையில் சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் பேட்டரி படுத்திருக்கும். இதைத் தீர்க்க நம் விண்ணப்பதாரர் உண்மையிலேயே ஏதோ செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கைக்கான பதிலில் உரிமைக்கோரலை இப்படிச் சுருக்குவார்:

1. கேமராக்கள் தூங்கும்; மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடார் மட்டும் விழித்திருக்கும்.

2. ரேடார் எந்தப் பக்கம் அசைவைக் கண்டதோ அந்தப் பக்கக் கேமரா மட்டும் எழும்பும்.

3. பேட்டரி மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால், செயலி நொடிக்கு எத்தனை படத்தை வகைபிரிப்பது என்பதைக் குறைத்துக்கொள்ளும். வீடியோவுக்குப் பதில் ஒற்றைப் படத்தை அனுப்பும்.

ரேடார் எழுப்பும் டேஷ்கேம்கள் (காரில் மாட்டும் பதிவுக் கேமராக்கள்) சந்தையில் உண்டு என்பதால் முதல் அம்சம் தனியாக நிற்காது. இரண்டாவது பரவாயில்லை. வாதத்தின் முழுப் பாரமும் மூன்றாவதின் மேல் விழும்: மின்னழுத்தத்தைப் பார்த்து மாடலின் வேலைச்சுமை மாறுகிறது, அதனால் மறுநாள் கார் கிளம்புகிறது. துண்டுகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன, 3(எஃப்)புக்குப் பதில் கிடைத்தது. நிரல் காரின் பேட்டரியைக் காக்கிறது, 3(கே)வுக்கும் பதில் கிடைத்தது. பரிசோதகர் இன்னும் மல்லுக்கட்டலாம், ஆனால் இப்போது பேச்சு பொருளுள்ளதாக இருக்கும்.

ஒரு நிபந்தனை. இந்த மூன்றும் முதல் நாள் தாக்கல் செய்த விளக்கத்தில் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரிவு 59 பின்னால் புதிய விஷயத்தை நுழைக்க விடாது, இருப்பதைச் சுருக்க மட்டுமே விடும். அறிக்கை வந்த பிறகு பேட்டரி யோசனை தோன்றினால் அது இன்னொரு விண்ணப்பம், அதற்குத் தேதியும் புதிது. இதற்குள் கல்லூரி விழாவில் கருவியை இயக்கிக் காட்டி வீடியோவையும் ஏற்றியிருந்தால், விண்ணப்பதாரரின் சொந்த வீடியோவே அவருக்கு எதிரான முன்னறிவாக வந்து நிற்கும். அமெரிக்காவில் இதற்கு ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில வாசல்கள் மட்டும்தான்.

‘எப்படிக் கொடுத்தாங்க’ என்று கேட்பவர்களுக்கு

கொடுப்பதற்கு முன்பே தடுக்கலாம். விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்குவதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் பிரிவு 25(1)இன் கீழ் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியீட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு எந்தக் காப்புரிமையும் வழங்கப்படாது என்பதே இதற்கு அவகாசம் தரத்தான். 2024 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கட்டணம் உண்டு. எதிர்ப்பில் சரக்கு இருக்கிறதா என்று கன்ட்ரோலர் முதலில் பார்ப்பார். ‘டெஸ்லாவில் பார்த்தேன்’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. தேதியுள்ள ஆவணம், அதில் எந்தப் பத்தி, உரிமைக்கோரலின் எந்தக் கூறோடு பொருந்துகிறது என்று மேலே செய்தது போல ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வழங்கிய பிறகும் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம், ஆனால் அதற்கு அந்தத் துறையில் அக்கறையுள்ள தரப்பாக இருக்க வேண்டும்.

‘இனி கேமரா வைக்க முடியாதா’ என்று கேட்பவர்களுக்கு

விண்ணப்பம் வெளியாகி மட்டும் இருக்கும்போது உரிமையாளர் யார் மேலும் வழக்குப் போட முடியாது. காப்புரிமை கிடைத்த பிறகு, வெளியான தேதி வரை பின்னோக்கிப் போய் இழப்பீடு கேட்கலாம் என்பதால் தயாரிப்பாளர்கள் இதை அலட்சியம் செய்வதும் சரியல்ல.

கிடைத்தால் கிடைப்பது அந்தச் சுருங்கிய வாக்கியத்துக்கு. நம் உதாரணத்தில், மின்னழுத்தம் பார்த்து வேகத்தைக் குறைக்காத எந்தக் கேமராவும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தனி பேட்டரி வைத்து ஓடும் டேஷ்கேம் வெளியே. ஆள் நின்றால் ஹாரன் மட்டும் அடிக்கும் கருவி வெளியே. உள்ளே வருவது மூன்று அம்சத்தையும் அப்படியே சேர்த்துச் செய்து, அதை இந்தியாவில் தயாரிப்பவரும் பயன்படுத்துபவரும் விற்பவரும் இறக்குமதி செய்பவரும்தான். அதுவும் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு, மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவந்தால். உரிமையாளர் இலங்கையில் தனியாக விண்ணப்பிக்காத வரை, கொழும்பில் ஒருவர் இதே கருவியைச் செய்து அங்கேயே விற்றால் இந்தியக் காப்புரிமையால் அவரை ஒன்றும் செய்ய முடியாது.